யாருக்கு யார் என்ன முறை?

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குப் போகும் வழியில், உளிச் சத்தம் கேட்கும் சிற்பக் கூடங்களுக்கு நடுவே இருக்கிறது திருமுருகன்பூண்டி. கொங்கு நாட்டின் ஏழு பாடல்பெற்ற தலங்களில் ஒன்று. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடும் பொருளோடும் திரும்பிக்கொண்டிருந்த சுந்தரர் இங்கேதான் வழிப்பறிக்கு ஆளானார் என்கிறது பெரிய புராணம். வேடர் உருவில் வந்து பறித்தவை சிவபெருமானின் பூதகணங்கள். பொருளை இழந்த சுந்தரர் சன்னிதியில் கைகட்டி அழவில்லை. வழிப்போக்கரை அடித்துத் துணியைக்கூட விடாமல் பறிக்கும் கூட்டம் திரிகிற ஊரில் உமக்கு என்ன வேலை என்று இறைவனிடமே நியாயம் கேட்டுப் பாடினார். ஏழாம் திருமுறையில் இருக்கும் அந்தப் பதிகம் முழுக்க உரிமையோடு வந்த கோபம்.

அந்த உரிமை எங்கிருந்து வந்தது? சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். தோழனிடம் கோபித்துக்கொள்ளலாம், பொன் கேட்கலாம், மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க நள்ளிரவில் தூது போகச் சொல்லலாம். அத்தனையும் அவர் செய்தார். ஆனால் கதை தொடங்குவது வேறு மாதிரி. புத்தூரில் சுந்தரரின் மணப்பந்தலுக்கு இறைவனே ஒரு கிழவர் உருவில் வந்து, பாட்டன் காலத்திலிருந்தே இவன் எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டினார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் ஓலை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆளோலையில் தொடங்கிய உறவு பின்னால் தோழமை ஆனது. இறைவன் அவரேதான், சுந்தரரும் அவரேதான். இருவருக்கும் நடுவே வைக்கப்பட்ட முறை மாறியது. முறை மாறியதும் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதும் மாறிவிட்டது.

சைவம் இதை நாலு வழிகளாக வகுத்து வைத்தது. அப்பருக்குத் தாச மார்க்கம், சம்பந்தருக்குச் சற்புத்திர மார்க்கம், சுந்தரருக்குச் சக மார்க்கம், மாணிக்கவாசகருக்குச் சன்மார்க்கம். தெரியாத ஓர் உறவை, தெரிந்த மனித உறவுகளை வைத்தே யோசிக்க முடியும் என்ற துணிவு இதில் இருக்கிறது. எடுத்துக்கொண்ட உறவை எதுவரை நடத்திச் செல்கிறோம் என்பதும் இதில் அடங்கும். பல்லவ அரசன் ஆள் அனுப்பி அழைத்தபோது, இறைவனுக்கு ஆளாகிவிட்டவன் வேறு எவருக்கும் குடி இல்லை என்று மறுத்தவர் அப்பர். அடிமை என்ற உறவை அதன் எல்லைவரை யோசித்து, அதிலிருந்தே விடுதலையை எடுத்துக் காட்டினார்.

எந்த உறவை எடுத்துக்கொள்கிறோம், அதை எதுவரை நடத்துகிறோம் என்ற கேள்வி இன்றைய திருப்பூருக்குக் கட்டாயம் வேண்டியது. ஏனென்றால் முறை சொல்லி அழைத்தே வேலை நடக்கும் ஊர் அது.

ஒரு பனியன் கம்பெனியின் பவர் டேபிளைச் சுற்றி நின்று கேட்டால் புரியும். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் அக்கா. தைத்த துணியை வாங்கி மடித்து அடுக்கும் கைமடிப் பெண், கண்ணு அல்லது அம்மிணி. காண்ட்ராக்டர் அண்ணன். வயதான கட்டிங் மாஸ்டர் மாமா. இந்த அழைப்புகளில் பொய் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பணம் கொடுத்த அண்ணன்கள் உண்டு. கைமடியாக வந்த பெண்ணை மிஷினில் உட்கார வைத்துத் தொழில் சொல்லிக் கொடுத்த அக்காக்கள் ஏராளம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் வாங்கும் நேரத்தில், "அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்க கண்ணு" என்று காண்ட்ராக்டர் சொன்னால், அந்தப் பெண்ணால் பதில் பேச முடிவதில்லை. அண்ணனிடம் கணக்குக் கேட்பது எப்படி? "சரிங்கண்ணா" என்று போய்விடுகிறாள். அவள் வாயை அடைத்தது பயம் என்பதைவிட முறை என்பதே பொருத்தம்.

இப்படி முறை சொல்லி அழைப்பதும் ஓர் உவமைதான். உவமை அறிவு தருமா, தராதா என்பது இந்தியத் தத்துவத்தில் பெரிய வழக்கு. நியாய மரபில் காட்சி, அனுமானம், சொல் ஆகியவற்றோடு உவமையும் தனி அளவை. அவர்கள் காட்டும் சான்று எல்லோருக்கும் தெரிந்தது. காட்டு ஆமா பசுவைப் போல இருக்கும் என்று வனவாசி ஒருவன் சொல்கிறான். கேட்டவன் பிறகு காட்டில் அந்த விலங்கைப் பார்த்து, இதுதான் ஆமா என்று தெரிந்துகொள்கிறான். மீமாம்சகர்களும் உவமையை ஏற்றார்கள். அவர்கள் திருப்பிப் பார்த்தார்கள்: ஆமாவைக் கண்டவனுக்கு, வீட்டில் கட்டியிருக்கும் பசுவைப் பற்றி ஒன்று புதிதாகத் தெரிகிறது. திக்நாகர் வழிவந்த பௌத்தர்கள் உவமைக்குத் தனி இடமே கொடுக்கவில்லை. காட்சியும் அனுமானமும் போதும் என்றார்கள்.

இந்த வழக்குத் தமிழிலும் முழுசாக நடந்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் சந்திக்கும்போது, அளவைவாதி ஒருவர் பத்து அளவைகளை அடுக்குகிறார்; காண்டல், கருதல், உவமம் என்று அந்தப் பட்டியல் தொடங்குகிறது. வஞ்சி என்பது கரூரா கொடுங்கல்லூரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கரூர் என்று கொண்டால், இன்று படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் நெய்து ஏற்றுமதி செய்யும் ஊரில் அந்த விவாதம் நடந்தது ஆகும். பின்னால் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் பாடம் இன்னும் கறாரானது. ஒரு வாதத்துக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் வேண்டும்: மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. இந்த மூன்றாவது உறுப்பான திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு, எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று பத்து வகைப் போலிகளை அவர் விளக்குகிறார்.

அதில் ஒன்று: ஒலி அழியாதது, ஏனென்றால் அதற்கு வடிவம் இல்லை, அணுவைப் போல என்று ஒருவர் வாதிடுகிறார். அணு அழியாதது என்பதை எதிராளியும் ஒப்புக்கொள்வார். ஆனால் அணுவுக்கு வடிவம் உண்டு. எடுத்துக்காட்டில் முடிவு இருக்கிறது, சொன்ன காரணம் இல்லை. கேட்பவர் முடிவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டால், காரணம் இல்லாததைக் கவனிக்க மாட்டார். இதற்குச் சாதன தன்ம விகலம் என்று பெயர். கரடுமுரடான இந்தப் பெயரைத் திருப்பூர்த் தொழிலாளர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏன் என்று பின்னால் பார்க்கலாம்.

உறவை வைத்து யோசிப்பதில் தமிழ்க் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி கிடைத்துவிடுகிறது. அப்பாவின் சகோதரருடைய மகன் அண்ணன் அல்லது தம்பி. அம்மாவின் சகோதரருடைய மகன் மச்சான். இருவரும் இரத்தத்தில் ஒரே தூரம், முறையில் வேறு வேறு. கொங்கு வேளாளரிடம் இது இன்னும் விரிந்த கணக்கு. பல்லடம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த இருவர், என்ன கூட்டம், அதாவது என்ன குலம், என்று ஒரே கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். முன்பின் தெரியாத ஆளிடம் கேலி பேசலாமா, பெண் கேட்கலாமா, துக்கத்துக்கு எப்படிப் போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு பதிலிலிருந்து விரிகிறது. சாதி எல்லை வந்ததும் இந்தக் கணக்கு நின்றுபோகும். பண்ணையில் வேலை செய்த அருந்ததியரை மாமன், மச்சான் என்று யாரும் கூப்பிட்டதில்லை. யாரை முறைக்குள் வைப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதும் அந்தக் கணக்கில் ஒரு பகுதிதான்.

இந்தத் தமிழ் முறைகளை வைத்து உலக அளவில் ஒரு தவறும் நடந்தது. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன், செனெகா என்ற அமெரிக்கப் பழங்குடியின் உறவுமுறைகளைத் தொகுத்தவர். தமிழ் உறவுமுறைப் பட்டியல் கைக்கு வந்தபோது இரண்டும் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துவதைக் கண்டார். அங்கும் அப்பாவின் சகோதரரை அப்பா என்றே அழைக்கிறார்கள். 1871-ல் வெளிவந்த பெரிய நூலில், இந்தப் பொருத்தமே அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்குச் சான்று என்று வாதிட்டார். அவர்களின் மூதாதையர் ஆசியாவிலிருந்து போனார்கள் என்பது பிற்கால ஆய்வுகளும் ஏற்ற உண்மை. ஆனால் உறவுமுறை ஒத்திருப்பது அதற்குச் சான்றாகாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல இடங்களிலும் மக்கள் இதே மாதிரி முறை வகுத்திருக்கிறார்கள். முடிவு சரி, காரணம் அங்கே இல்லை. அறவண அடிகள் கேட்டிருந்தால் ஒரு நொடியில் பிடித்திருப்பார்.

நவீன உளவியல் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. டெட்ரே கெண்ட்னர் 1983-ல் முன்வைத்த கொள்கைப்படி, நல்ல உவமை பொருளுக்குப் பொருள் ஒத்திருப்பதைப் பார்ப்பதில்லை. இங்கே இருக்கும் உறவும் அங்கே இருக்கும் உறவும் பொருந்துகிறதா என்று பார்க்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு இது எளிதில் வராது. மேரி ஜோ ராட்டர்மனும் அவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வயதுப் பிள்ளைகள் முன்னால் சிறிது, நடுத்தரம், பெரிது என்று இரண்டு வரிசைகள் வைக்கப்பட்டன. ஒரு வரிசையில் நடுவில் ஸ்டிக்கர் ஒளித்து வைத்தால், மற்ற வரிசையிலும் நடுவில்தான் தேட வேண்டும். பிள்ளைகளோ பார்க்க ஒன்றுபோல இருக்கும் பொருளையே எடுத்து ஏமாந்தார்கள். பிறகு அந்தப் பொருள்களுக்கு அப்பா, அம்மா, பாப்பா என்று பெயர் வைத்தார்கள். அதே வயதுப் பிள்ளைகள் சட்டென்று இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். குடும்பச் சொற்கள் கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமையிலிருந்து விலக்கி, இடத்தையும் உறவையும் பார்க்க வைத்தன.

அந்தக் குழந்தைகளுக்கு உதவிய அதே சொற்கள் திருப்பூரில் ஏன் எதிராக வேலை செய்கின்றன? ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய ஆய்வு நூல் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. சகோதர மூலதனம் என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். எளிய விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கூலி வேலை செய்து, கொஞ்சம் கொஞ்சமாக முதலாளிகளான கவுண்டர்களை அவர் ஆராய்ந்தார். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதில் உழைப்பு. அந்தப் பதிலில் பெரும் உண்மை உண்டு. ஆனால் அதற்குள் ஓர் உவமையும் இருக்கிறது: நானும் உன்னைப் போல மிஷினில் உட்கார்ந்தவன், ஆகவே நாம் ஒன்று. பார்க்க ஒன்றுபோல இருப்பதை எடுக்கும் மூன்று வயதுப் பிள்ளையின் தவறு இதே இடத்தில் நேர்கிறது. கை ஒன்று, பேச்சு ஒன்று, ஊர் ஒன்று. வரிசையில் இருக்கும் இடம் வேறு. கடன் வாங்கவும், சொந்த பந்தத்தைக் கூட்டாளியாகச் சேர்க்கவும், ஆர்டர் பிடிக்கவும் ஒருவருக்குக் கிடைத்த வழி இன்னொருவருக்குத் திறக்கவில்லை.

1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூரில் நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீண்டது. அங்கே அழைப்பு அண்ணன், தம்பி இல்லை, தோழர். சங்கத்தில் அந்த முறை வந்ததும், கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் போய், கேட்காமல் இருப்பதுதான் குறை என்று ஆனது. அந்தப் போராட்டத்துக்குப் பின் முதலாளிகள் வேலையைச் சிறு யூனிட்டுகளுக்கும் காண்ட்ராக்டுக்கும் பிரித்துவிட்டார்கள். பெரிய கம்பெனியில் தோழராக நின்றவர்கள், இருபது மிஷின் யூனிட்டில் மறுபடி அண்ணனும் தங்கையும் ஆனார்கள்.

உறவைச் சொல்லி நடந்த மிகப் பெரிய அநியாயம் சுமங்கலித் திட்டம். திருமகள் திருமணத் திட்டம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில், பதின்ம வயதுப் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கினார்கள். முடிவில் 30,000, 40,000, 50,000 என்று ஒரு தொகை கையில் கிடைக்கும். கல்யாணத்துக்கு ஆகும் என்பார்கள் தரகர்கள். அந்தத் தொகை மாதா மாதம் கொடுக்க வேண்டிய கூலியிலிருந்து பிடித்து வைத்தது. நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் சோமோ, ஐ.சி.என். அமைப்புகள் 2011-ல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு வெளிநாட்டு பிராண்டுகள் கேள்வி கேட்கத் தொடங்கின. ஆனால் அதற்கு முன் அத்தனை ஆண்டுகள் பெற்றோர் ஏன் கேட்கவில்லை? மில் பெற்றவர் இடத்தில் நின்றது. விடுதி வீடு ஆனது. வெளியே விடாமல் பூட்டி வைப்பது கண்ணும் கருத்துமான காவல் ஆனது. பிடித்து வைத்த கூலி, அப்பா சேர்த்து வைக்கும் சீர் ஆனது. ஒரே ஓர் உவமை, அத்தனை கேள்விக்கும் முன்கூட்டியே பதில் சொல்லி வைத்துவிட்டது.

இப்போது அறவண அடிகளின் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். வாதம் இப்படி: இந்தப் பெண் கூலிக் கணக்குக் கேட்கக் கூடாது, ஒரே கூரையின் கீழ் காவலில் இருந்து உழைப்பதால், வீட்டு மகளைப் போல. வீட்டு மகள் கணக்குக் கேட்பதில்லை என்பது சரி. ஆனால் அவள் கேட்காமல் இருப்பது கூரையாலோ காவலாலோ அல்ல. அந்த வீட்டில் அவளுக்குப் பங்கு இருப்பதால். தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தமே, திருமணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கைக் கொடுத்துவிட்டது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் ஆனது. மில்லின் சொத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு செங்கல்கூடப் பங்கில்லை. முடிவு எடுத்துக்காட்டில் இருக்கிறது, ஆனால் சொன்ன காரணத்தால் அல்ல. சாதன தன்ம விகலத்துக்கு நெருங்கிய போலி இது.

ஒரு பொருத்தத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது சாயப்பட்டறை லேப்பில் வேலை செய்பவர்களுக்குக் கைவந்த பாடம். வாங்குபவர் அனுப்பிய சின்னத் துணித்துண்டுக்கு ஏற்ப, சிறு குடுவைகளில் சாயம் போட்டு இரண்டு மூன்று மாதிரிகள் எடுப்பார்கள். பிறகு வாங்குபவரின் துண்டையும் ஒரு மாதிரியையும் கலர் மேட்சிங் பெட்டிக்குள் ஒட்டி வைப்பார்கள். டி65 என்ற பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே துணி. சுவிட்சைத் தட்டி டி.எல்.84 என்ற கடை விளக்கைப் போட்டால், ஒன்று சிவந்து நிற்கும். மெட்டாமெரிசம் என்று ஃபைலில் எழுதிவிட்டு, சாயக் கலவையை மாற்றி மறுபடி போடுவார்கள். ஒரு வெளிச்சத்தில் மட்டும் பார்த்து எவரும் கையெழுத்துப் போடுவதில்லை. உவமைகளுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும்.

சைவ சித்தாந்திகள் அதைச் செய்தார்கள். இறைவனுக்கும் உயிருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டபோது, ஒரே உவமையோடு அவர்கள் நிறுத்தவில்லை. கலப்பால் ஒன்று என்பதற்கு உடலும் உயிரும். பொருளால் வேறு என்பதற்குக் கண்ணும் சூரியனும். உடனாய் நிற்பது என்பதற்குக் கண்ணின் ஒளியும் உயிரின் அறிவும். முதல் உவமையை மட்டும் பிடித்துக்கொண்டால், நானே கடவுள் என்று முடியும். இரண்டாவது மட்டும் என்றால், கடவுள் தொலைவில் நின்றுவிடுவார். ஒன்று மற்றொன்றின் மிகையை வெட்டுகிறது. இத்தனைக்கும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் உவமைக்குத் தனி அளவையாக இடம் கொடுக்கவில்லை. காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கினார். உவமையைத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள், அதன் கையில் தீர்ப்பை மட்டும் கொடுக்கவில்லை. மேரி கிக்கும் கீத் ஹோலியோக்கும் 1983-ல் செய்த சோதனைகளும் இதற்கு அருகில் வருகின்றன. ஒரு கதையை மட்டும் படித்தவர்களைவிட, இரண்டு கதைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்களே அதன் உள்ளமைப்பைப் பிடித்துப் புதுச் சிக்கலில் பயன்படுத்தினார்கள்.

திருப்பூரும் இப்படிப் பல உவமைகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் என்ற ஒன்றை மட்டும் எடுத்தாலும் போதாது. பீஸ் கணக்குக்குக் கூலி, ஆர்டர் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பதும் அந்த உவமையின் முடிவுதான். 2020 ஊரடங்கில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் கூலியில்லாமல் ரயிலுக்குக் காத்து நின்றபோது, குடும்பம் என்ற சொல்லுக்குச் செய்ய வேண்டிய கடமை நிறைய இருந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர்கள் நின்றபோதும் அப்படித்தான். நட்டத்தின்போது குடும்பம், லாபத்தின்போது ஒப்பந்தம் என்று உவமையை மாற்றிக்கொள்ளும் வசதி ஒரு தரப்புக்கு மட்டுமே இருப்பதுதான் அநீதி.

ஆகவே கம்பெனி வைத்திருப்பவர்களுக்கும் அதில் வேலை செய்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இது. அண்ணன், அக்கா என்ற அழைப்பை விட வேண்டாம். கொங்குப் பேச்சின் அழகும் ஈரமும் அதில் இருக்கின்றன. ஆனால் குடும்பம் மாதிரி என்று யாராவது சொன்னால், எந்த விதத்தில் என்று அங்கேயே கேளுங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, ஓவர்டைம் கணக்கு நான்கையும் கேட்டு வாங்குங்கள். கேட்பவரைக் கோபித்துக்கொள்ளும் அண்ணன், அந்த முறைக்கு உரியவர் இல்லை.